மிலான் நகரத்து அன்யேசிக்கு ஒரு நாவல்

வரலாற்று நாவலில் பெண் விஞ்ஞானி ஒருத்தி வந்துவிட்டால், கதை எந்தத் திசையில் போகும் என்பது பெரும்பாலும் முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் தொலைநோக்கியும் குடுவையும் கணக்குத் தாள்களும். மறுபக்கம் சிலுவையும் ஜெபமாலையும். நடுவில் அவள் அல்லாடுவாள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். அறிவியலைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியர் அவளைக் கொண்டாடுவார். ஆன்மிகத்தைத் தேர்ந்தெடுத்தால் அவள்மீது இரக்கப்படுவார். இப்படிப்பட்ட கதைகளை நானும் ஆசையோடு படித்தே வளர்ந்தேன். கணிதம் படித்தவள் என்பதால் அந்தப் பெண்களோடு எனக்கு ஓர் ஒட்டுதலும் இருந்தது. ஆனால் கொஞ்சக் காலமாக என் மனத்தில் குடியிருக்கும் ஒரு பெண், இந்த வார்ப்புக்குள் எப்படித் திணித்தாலும் அடங்க மறுக்கிறார்.

அவர் பெயர் மரியா கயேத்தானா அன்யேசி. 1718 மே மாதம் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். 30 வயதில், கால்குலஸ் எனப்படும் நுண்கணிதத்துக்கு ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு பாடநூலை வெளியிட்டு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தார். 33 வயதில் கணிதத்தை நிறுத்திவிட்டார். அதன்பின் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளையும் நோயாளிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கொடுத்தார். இதைக் கேட்டவுடன் எவருக்கும் ஒரு நாவல் கண்ணில் படும். அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் நடுவே கிழிபட்ட பெண், கடைசியில் பக்தி வென்றது, அறிவு தோற்றது. அப்படி எழுதப்பட்டால் அது அன்யேசியின் கதையாக இருக்காது என்பதே என் எண்ணம். அவரைக் கிழித்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா பியேத்ரோ அன்யேசி. பட்டு வணிகத்தில் சேர்ந்த குடும்பச் செல்வம் அவரிடம் இருந்தது. பிரபு குலத்தவர் என்ற பெயர் மட்டும் இல்லை. மிலான் அப்போது ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசின்கீழ் இருந்தது. அந்த ஆட்சியில் பட்டமும் அந்தஸ்தும் பெற்று மேலே வர அவர் துடித்தார். மூன்று முறை மணம் செய்துகொண்டார், மொத்தம் 21 பிள்ளைகள். மூத்தவர் கயேத்தானா. அபாரமான நினைவாற்றலும் மொழித் திறனும் கொண்ட அந்தக் குழந்தை, அப்பாவின் கனவுக்குக் கிடைத்த கைமுதல். ஒன்பது வயதில், பெண்களும் கலைகளையும் அறிவுத் துறைகளையும் கற்கலாம் என்று வாதிடும் ஓர் உரையை விருந்தினர் முன் லத்தீனில் ஒப்புவித்தார். அந்த உரை 1727இல் அச்சிலும் வந்தது. கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் என்று பதின்பருவத்துக்குள் ஒவ்வொன்றாக வசமாயின.

இடையில் ஒரு விசித்திரமான நோய் வந்தது. வலிப்புப் போன்ற நடுக்கம். அளவுக்கு மீறிப் படித்ததும் ஓரிடத்திலேயே உட்கார்ந்திருந்ததும்தான் காரணம் என்று மருத்துவர்கள் சொல்லி, நடனமும் குதிரையேற்றமும் பழகச் சொன்னார்கள். நிலைமை இன்னும் மோசமானது. அதே காலகட்டத்தில், 1732இல், அம்மாவும் இறந்துபோனார். இந்த இடத்தில் நாவலாசிரியர்களின் கை பரபரக்கும் என்று எனக்குத் தெரியும். நோய்க்கட்டிலில் ஒரு தரிசனம், ஒரு ஒளி, ஒரு குரல். தயவுசெய்து வேண்டாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவை இழந்திருக்கிறாள். அந்த வீட்டில் அவளைச் சுற்றி எப்போதும் யாராவது பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார்கள். அவளது உடல் மறுத்துப் பேசியது என்று எழுதினாலே போதும்.

அந்தப் பார்வையாளர்களில் ஒருவர் நமக்காக ஒரு மாலைப் பொழுதை எழுதி வைத்திருக்கிறார். பிரான்ஸின் திஜோன் நகரைச் சேர்ந்த ஷார்ல் த பிரோஸ், 1739இல் இத்தாலியப் பயணத்தின்போது அன்யேசி வீட்டுக்கு அழைக்கப்பட்டார். பெரிய அறை. பல நாடுகளிலிருந்து வந்த முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஓர் ஆசனத்தில் கயேத்தானா, பக்கத்தில் தங்கை மரியா தெரேசா. ஒரு பிரபு எழுந்து லத்தீனில் ஒரு பாராட்டுரை நிகழ்த்துகிறார். கயேத்தானா அதே மொழியில் பதில் சொல்கிறார். பிறகு ஊற்றுகள் எங்கிருந்து பிறக்கின்றன, சில ஊற்றுகளில் கடலைப்போல ஏற்றவற்றம் வருவது ஏன் என்று விவாதம். உடலின் வழியே வரும் உணர்வுகள் ஆன்மாவை எப்படித் தொடுகின்றன என்று இன்னொரு விவாதம். பிறகு ஒளி, நிறங்கள், வளைகோடுகளின் பண்புகள். கடைசியில் பேச்சு பொதுவாக மாறியபோது, ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் அவரிடம் பேச, அவர் அந்தந்த மொழியில் பதில் தந்தார். தங்கை ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகைக் கருவியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் இசையையும் தான் அமைத்தவற்றையும் வாசித்துப் பாடினார்.

த பிரோஸ் வியந்துபோனார். ஆனால் அவர் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் இடம். கயேத்தானா அவரிடம், இந்தச் சந்திப்பு இப்படிப் பட்டிமன்றம்போல ஆகிவிட்டதற்காக வருந்துவதாகச் சொல்கிறார். இத்தகைய விஷயங்களைக் கூட்டத்தில் பேசுவது தனக்குப் பிடிப்பதில்லை, ஒருவர் ரசித்தால் இருபது பேர் சலித்துப்போகிறார்கள் என்கிறார். 21 வயதுப் பெண் சொன்ன சொல் அது. அதே மாலையில், அவர் கன்னியாஸ்திரீ ஆக விரும்புகிறார் என்ற செய்தியும் த பிரோஸ் காதில் விழுகிறது. அதைக் கேட்டு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு அறிவை மடத்துச் சுவருக்குள் பூட்டுவதா என்ற கோபம். முந்தைய சொல்லையும் இந்தச் செய்தியையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் சேர்த்துப் பார்க்கிறேன். அந்தப் பெண் விலக விரும்பியது அறிவை விட்டு அல்ல, அந்த வட்டத்தை விட்டு. தன் சிந்தனை ஒவ்வொன்றும் இன்னொருவரின் மாலைநேரக் கேளிக்கையாவதை விட்டு. முந்தைய ஆண்டில், அந்த மாலைகளில் பேசப்பட்ட பொருள்களைத் திரட்டி ஏறத்தாழ 190 கருத்துரைகள் கொண்ட லத்தீன் நூல் ஒன்றும் அவர் பெயரில் வந்திருந்தது. அறைக்குள் நடந்த காட்சி இப்போது புத்தகமாக ஊர் ஊராகச் சென்றது.

மடத்துக்குப் போக அப்பா சம்மதிக்கவில்லை. ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கயேத்தானா வீட்டிலேயே இருப்பார். பதிலுக்கு மூன்று நிபந்தனைகள். எளிய உடையே உடுத்துவேன். நினைத்தபோதெல்லாம் தேவாலயம் செல்வேன். நடனம், நாடகம் போன்ற கேளிக்கைகளுக்கு என்னை அழைக்கக்கூடாது. இதைப் பக்தியின் அடையாளமாக மட்டும் வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு இது ஓர் இளம்பெண் தன் நேரத்தைத் தானே மீட்டுக்கொண்ட ஒப்பந்தமாகத் தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒரு செல்வக் குடும்பத்துப் பெண் எவரையும் கேட்காமல் வீட்டு வாசலைத் தாண்டிப் போகக்கூடிய இடம் ஒன்று இருந்தது என்றால் அது கோயில்தான். அந்தக் கதவை அவர் திறந்து வைத்துக்கொண்டார். உடையைப் பற்றிய நிபந்தனையும் அப்படித்தான். அலங்காரம் இல்லாத பெண்ணைக் காட்சிக்கு வைப்பது கடினம்.

இதற்குப் பின்னால்தான் அவர் வாழ்வின் மிகத் தீவிரமான கணித ஆண்டுகள் வருகின்றன. இதைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மடத்தை வேண்டிய பெண், அந்த ஆசை மறுக்கப்பட்டதும் கணிதத்துக்குள் போகிறார். கற்பிக்க வந்தவரும் ஒரு துறவி. ஒலிவேத்தான் சபையைச் சேர்ந்த ராமிரோ ராம்பினெல்லி 1740இல் மிலானுக்கு வந்தார். ரெய்னோ எழுதிய பிரெஞ்சு நூலைக் கையில் கொடுத்து, நுண்கணிதத்தின் வாசலில் அவரைக் கொண்டு நிறுத்தினார். ரெய்னோவும் பாதிரியார். கருப்பு அங்கி அணிந்த கொடிய விசாரணை அதிகாரி ஒருவர் நூலைப் பறித்து எரிக்கும் காட்சியை இந்த நாவலில் எழுத முடியாது. அப்படி ஒருவர் இந்த வரலாற்றில் இல்லை. கலிலியோ தண்டிக்கப்பட்டது 1633இல். அதற்கு நூறாண்டுகளுக்குப் பிறகு இத்தாலியத் திருச்சபைக்குள் வேறொரு காற்று வீசிக்கொண்டிருந்தது. போலோக்னாவில் பிறந்த போப் பதினான்காம் பெனடிக்ட் அறிவியல் கல்விக்கு ஆதரவானவர். சூரிய மையக் கொள்கையைப் போதிக்கும் நூல்களுக்கு இருந்த பொதுத் தடை 1758ஆம் ஆண்டுத் தடைநூல் பட்டியலில் நீக்கப்பட்டது. அன்யேசி பிறந்தது இந்தக் காலத்துக்குள். அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர்களும் பாவமன்னிப்பு வழங்கியவர்களும் ஒரே அங்கியை அணிந்திருந்தார்கள்.

அந்த அங்கிக்குள் ஒரு சிந்தனையும் இருந்தது. ரெய்னோ சேர்ந்திருந்த அதே சபையில், அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் மாலபிரான்ஷ் என்ற தத்துவவாதிப் பாதிரியார். ஊன்றிய கவனம் என்பது ஆன்மாவின் இயல்பான பிரார்த்தனை என்பது அவருடைய எண்ணம். மனம் சிதறாமல் ஓர் உண்மையின் முன்னால் நிற்கப் பழகினால், அந்தப் பழக்கமே கடவுளின் முன்னால் நிற்கவும் உதவும். அந்தப் பழக்கத்துக்கு மிகச் சிறந்த பயிற்சிக்களம் கணிதம். ஏனென்றால் அங்கே கண்ணும் காதும் ஏமாற்ற இடமில்லை. ஒவ்வோர் அடியையும் அறிவு தானே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அறிந்த ஒன்றை இன்னொருவர் பெயரிட்டுச் சொன்னதுபோல இருந்தது. கல்லூரியில் நுண்கணிதத்தின் ஒரு பகுதியான தொகையிடல் கற்ற காலத்தில், கடினமான கணக்கு ஒன்றோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். ஒரு கட்டத்துக்கு மேல் நான் என்பதே கரைந்து, தாளும் எண்ணமும் மட்டும் மிஞ்சும். விடை வந்ததும் பெருமிதம் வராது. தலை தானாகக் குனியும். அதை எவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பக்தியோடு சேர்த்துவிடுவார்கள், அல்லது மிகையென்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற தயக்கம். அன்யேசிக்கு அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை. அவர் சூழலில் அது வெளிப்படையாகப் பேசப்பட்ட கருத்து.

நூல் 1748இல் இரண்டு பாகங்களாக வந்தது. இத்தாலிய இளைஞர்கள் பயன்பெறப் பகுப்பாய்வுக் கணிதத்தின் அடிப்படைகளைச் சொல்லும் நூல் என்பது தலைப்பின் பொருள். லத்தீனில் எழுதும் வல்லமை இருந்தும் இத்தாலிய மொழியில் எழுதினார். அச்சுக்கூடத்தையே வீட்டுக்கு வரவழைத்து, கணிதக் குறியீடுகள் பிழையின்றி வருகின்றனவா என்று உடனிருந்து பார்த்தார். யகோப்போ ரிக்காத்தி போன்ற மூத்த கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொரு பகுதியையும் சரிபார்த்துக்கொண்டார். முதல் பாகத்தில் இயற்கணிதமும் வளைகோடுகளும். இரண்டாம் பாகத்தில் வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள். லைப்னிட்ஸ், நியூட்டன், பெர்னூலி சகோதரர்கள், ஆய்லர் என்று நான்கு திசைகளில் சிதறிக் கிடந்த முறைகள் அவர் கையில் ஒரே ஒழுங்கில் வந்து உட்கார்ந்தன. இயக்கவியலுக்கும் பிற பயன்பாடுகளுக்கும் அவர் போகவில்லை. கணிதத்தின் தூய பகுதியிலேயே நின்றுகொண்டார். அந்தத் தேர்வில் அவருடைய ஆன்மிகம் முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட அவருக்கு ஆர்வம் இல்லை. இத்தனைக்கும் போர் வாசலுக்கே வந்திருந்தது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரில் 1745 டிசம்பரில் ஸ்பானியப் படை மிலானுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரியா நகரை மீட்டது. அந்தக் குளிர்காலத்தில் அன்யேசியின் மேசையில் என்ன இருந்திருக்கும்? நாவலாசிரியர் இங்கே தாராளமாகக் கற்பனை செய்யலாம். தெருவில் படைவீரர்களின் காலடி, உள்ளே ஒரு வளைகோட்டின் பெருமமும் சிறுமமும்.

நூலை ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவுக்குக் காணிக்கையாக்கினார். ஒரு பெண் அரியணையில் இருக்கும் காலத்தில் பெண்கள் அறிவுத் துறைக்குப் பெருமை சேர்க்க உழைக்க வேண்டும் என்ற குரல் அந்தக் காணிக்கையுரையில் கேட்கிறது. பேரரசி வைர மோதிரமும் வைரம் பதித்த படிகப் பேழையும் அனுப்பினார். பாரிஸ் அறிவியல் அகாதமியின் குழு நூலை ஆராய்ந்து மிக உயர்வாக எழுதியது. ஆனால் பெண்ணை உறுப்பினராகச் சேர்க்க அங்கே வழியில்லை. போப் பெனடிக்ட் 1750இல் போலோக்னா பல்கலைக்கழகத்தின் கணித இருக்கைக்கு அவரை நியமித்தார். அன்யேசி அங்கே போகவே இல்லை.

போலோக்னாவில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தார். லாரா பாஸ்ஸி. 1732இல் பட்டம் பெற்று அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானவர். பொதுச் சொற்பொழிவுகளுக்குப் பல கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டபோது, தன் வீட்டிலேயே இயற்பியல் சோதனைக்கூடம் அமைத்து மாணவர்களுக்குக் கற்பித்தார். கடைசிவரை தன் இடத்துக்காகப் போராடினார். நாவலில் பாஸ்ஸி ஓர் அத்தியாயத்திலாவது வரவேண்டும். ஒருவர் உரிமை கேட்டு நின்றார். மற்றவர் கொடுத்த இருக்கையை ஏற்காமல் இருந்தார். இருவரில் யார் துணிந்தவர் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் விருப்பமில்லை.

1752இல் அப்பா இறந்தார். அன்யேசி கணிதத்தை நிறுத்தினார்.

நாவலின் அச்சாணி இந்த இடம். எல்லா எளிய விளக்கங்களும் இங்கேதான் வந்து குவிகின்றன. அப்பாவுக்காகத்தான் கணிதம் செய்தார், அப்பா போனதும் கணிதமும் போனது என்பது ஒன்று. இதற்குச் சான்றும் இருக்கிறது. ‘என் படிப்பு பிறருக்குப் பயன்பட்டது, அப்பாவின் விருப்பத்துக்குப் பணிந்து செய்தது, ஆகவே அது கடவுளின் மகிமைக்கு உதவியிருக்கும் என நம்புகிறேன். இப்போது கடவுளுக்கும் பிறருக்கும் பணிசெய்ய இன்னும் மேலான வழிகளைக் கண்டுகொண்டேன்’ என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஆனால் பணிவினால் மட்டும் ஒருவர் ஆயிரம் பக்கம் எழுத முடியாது. அச்சுக்கூடத்தின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குறியீட்டையும் பார்க்க முடியாது. கட்டளைக்குச் செய்த வேலைக்கு ஒரு வாடை உண்டு. அந்த நூலில் அது இல்லை. பக்தி மேலிட்டதால் அறிவைத் துறந்தார் என்பது இரண்டாவது விளக்கம். இதுவும் எனக்கு ஒட்டவில்லை. கணிதம் செய்த ஆண்டுகளிலேயே அவர் நோயாளிகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார், வட்டாரத் தேவாலயத்தில் ஏழைச் சிறுமிகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். இரண்டும் ஒரே நாளின் காலையிலும் மாலையிலும் நடந்தவை. அவர் வாக்கிலும் கணிதம் பொய்யென்றோ பாவமென்றோ ஒரு சொல் இல்லை. மேலான வழி என்கிறார். மேலானது என்றால் முந்தையதும் வழிதான்.

தமிழ் வாசகர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது என்று தோன்றுகிறது. நம்மிடம் மணிமேகலை இருக்கிறாள். வஞ்சி நகரில் எல்லாச் சமயத்தாரின் தத்துவங்களையும் கேட்டு அறிந்தவள், அதுவும் ஆண் துறவி வடிவில் நின்று. புகார் நகரில் அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தவள். அவள் கற்ற தர்க்கத்துக்கும் கையிலிருந்த பாத்திரத்துக்கும் பகை என்று நாம் யாரும் நினைத்ததில்லை. அவளைக் கிழித்தது எது? மாதவியின் மகள் என்பதால் அவளை மேடைக்கு இழுத்த ஊரும், விடாமல் தொடர்ந்த உதயகுமரனும். அவளுடைய துறவு அறிவிலிருந்து அல்ல, பார்வையிலிருந்து. மிலான் நகரத்து வரவேற்பறையில் வட்டமாக உட்கார்ந்திருந்த முப்பது பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலையின் நினைவும் வருகிறது.

அப்பாவின் மரணத்துக்குப் பிறகு அந்த வட்டம் கலைந்தது. வீட்டின் சில அறைகளில் நோயுற்ற ஏழைப் பெண்களை வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். இடம் போதாமல், 1759இல் குடும்ப வீட்டை விட்டு வெளியேறித் தனி வீடு எடுத்து, நோயாளிகளோடு அங்கே குடிபோனார். செலவுக்குப் பேரரசி தந்த வைரப் பரிசுகளை ஓர் ஆங்கிலேயச் செல்வந்தருக்கு விற்றார். பிறகு பணக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் கையேந்தினார். ஏழு மொழிகளில் வாதிட்ட நாக்கு, இப்போது போர்வைக்கும் ரொட்டிக்கும் பேசியது. 1771இல், இளவரசர் திரிவுல்சியோவின் உயில்படி ஏழை முதியோருக்கான இல்லம் மிலானில் திறக்கப்பட்டபோது, பெண்கள் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1783இல் அங்கேயே குடிபெயர்ந்தார். ஏழைகளின் நிதியில் தனக்காக எதுவும் குறையக்கூடாது என்று, தான் தங்கிய அறைகளுக்கு வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

என் அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில்தான் அன்யேசியின் இரண்டாவது வாழ்க்கை எனக்குப் புரிந்தது. நோயாளியின் பக்கத்தில் இருப்பது அன்பினால் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. மூச்சின் ஓசை எப்போது மாறுகிறது, எந்தப் பக்கம் புரட்டினால் முகம் சுளிக்கிறது, எந்த மணிக்கு வலி ஏறுகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் கவலை, நம் களைப்பு, நம் பயம் எதுவும் குறுக்கே வரக்கூடாது. ஒருநாள் பின்னிரவில் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, கல்லூரி நாட்களில் கணக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த அதே ஆள்தான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. ஒரே மனம், ஒரே குவிவு. எதிரில் இருப்பது மட்டும் மாறியிருந்தது. அன்யேசி கணிதத்தைத் துறந்தார் என்று எழுதும் வரலாற்றாசிரியர்களிடம் எனக்கு இதைச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. அவர் பயின்ற கவனம் வேறிடத்தில் தொடர்ந்தது. அவர் துறந்தது அதன் ஒரு வடிவத்தை.

ஆனால் ஒரு வடிவத்தை இழப்பதும் இழப்பே. இதை மறைத்து எழுதும் நாவலும் எனக்கு வேண்டாம். 1762இல் டூரின் நகரத்துக் கணித அறிஞர்கள் ஓர் இளைஞரின் ஆய்வைப் பற்றி அன்யேசியின் கருத்தைக் கேட்டார்கள். நீளமோ நேரமோ மிகக் குறைவாகும் வளைகோடு எது என்பதுபோலத் தேடும் மாறுபாட்டு நுண்கணிதம் பற்றிய ஆய்வு. அந்த இளைஞர் லக்ராஞ்ச். பிற்காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதைகளில் ஒருவராக வளர்ந்தவர். இத்தகைய விஷயங்களில் தன் மனம் இப்போது ஈடுபடுவதில்லை என்று அன்யேசி பதில் சொல்லிவிட்டார். அவருக்கு அப்போது 44 வயதுதான் ஆகியிருக்கும். கடிதத்தோடு அந்தத் தாள்களும் வந்திருந்தால் அவற்றைப் பிரித்துப் பார்த்தாரா? ஒரு வரியாவது வாசித்தாரா? வாசித்தபின் மூடிவைத்தாரா, வாசிக்காமலே மூடிவைத்தாரா? கணிதம் தெரிந்த எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு வலிக்கும். எனக்கு வலிக்கிறது. அவர் எழுதியிருக்கக்கூடிய இரண்டாவது நூலையும், மூன்றாவது நூலையும் எண்ணி ஏங்காமல் இருக்க முடியவில்லை. அவர் அதற்காக ஏங்கினார் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை, ஏக்கம் நம்முடையது. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் எழுதுவதில்தான் நாவலாசிரியரின் நேர்மை இருக்கிறது.

அச்சேறாத கையெழுத்துப் பிரதி ஒன்றும் அவருடையதாக இருக்கிறது. ‘மறைபொருள் வானம்’ என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். தியானத்தில் அறிவும் அன்பும் எப்படிச் சேர்ந்து மேலேறுகின்றன என்பது அதன் பொருள். தியானம் பற்றி எழுதும்போதும் அறிவை வாசலில் நிறுத்திவிட்டுப் போகவில்லை அவர். ஆன்மிகம் என்றால் சிந்தனையை அணைத்துவிடுவது என்று எண்ணும் நாவலாசிரியர் இதைப் படித்தால் திகைத்துப்போவார்.

இன்னொன்றும் எச்சரிக்க வேண்டும். தூக்கத்தில் நடந்து சென்று, விடைதெரியாத கணக்குகளை மேசையில் எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிடுவார், காலையில் எழுந்து பார்த்தால் விடை இருக்கும் என்று அன்யேசியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அழகான கதை. நாவலில் வைத்தால் பக்கம் பறக்கும். ஆனால் பெண்ணின் அறிவு அவளை அறியாமல் வந்து இறங்குவது, அருள்வாக்குப்போல, என்று காட்டுகிற கதையும் அதுவே. ராம்பினெல்லியோடும் ரிக்காத்தியோடும் ஆண்டுக்கணக்கில் எழுதிய கடிதங்கள், அடித்தல்கள், திருத்தல்கள் எல்லாம் அதில் காணாமற்போகும். விழித்திருந்து உழைத்தவரை விழித்திருந்தவராகவே காட்டுங்கள்.

1796இல் நெப்போலியனின் படை மிலானுக்குள் வந்தது. அன்யேசிக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. கண்ணும் காதும் தளர்ந்திருந்தன. 1799 ஜனவரி 9 அன்று இறந்தார். ஏழைகளோடு ஏழையாக, பதினைந்து பேரின் உடல்களுடன் பொதுக்குழியில் அடக்கம் செய்தார்கள். எந்த நாவலாசிரியரும் கதையை இந்தக் குழியில் முடிக்கவே ஆசைப்படுவார். முடிக்கக்கூடாது என்பேன். அங்கே முடித்தால் வாசகரின் கண்ணீர் எல்லாவற்றையும் தியாகமாக மாற்றிவிடும். அவர் நூல் அதற்குப் பிறகும் பயணம் செய்தது. கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஜான் கோல்சன், இந்த நூலுக்காகவே முதுமையில் இத்தாலிய மொழி கற்று, இதை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டு 1760இல் இறந்துபோனார். அந்தப் பெயர்ப்பு அச்சில் வந்தது 1801இல். மிலானில் நோயாளிகளுக்கு நடுவே இருந்த ஆசிரியருக்கு அந்த முதியவரின் உழைப்பு தெரிந்திருந்ததா என்பதையும் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

இந்த நாவலை எழுத வருபவர் முதலில் அந்த 1762ஆம் ஆண்டுக் காட்சியை எழுதிப் பார்க்கட்டும். மேசை, டூரினிலிருந்து வந்த கடிதம், பக்கத்து அறையில் ஒரு நோயாளியின் இருமல். அன்யேசி அழவும் கூடாது, சலனமற்ற புனிதையாக உட்கார்ந்திருக்கவும் கூடாது. லக்ராஞ்சின் முறை எவ்வளவு அழகானது என்பது அவருக்குப் புரிய வேண்டும். வாசகருக்கும் கொஞ்சமாவது புரிய வேண்டும். புரிந்த பிறகும் அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போக வேண்டும், அந்தப் போக்கில் தோல்வியின் சாயல் துளியும் இருக்கக்கூடாது. அந்த ஒரு காட்சி கைவந்துவிட்டால், மற்ற அத்தியாயங்களை எழுதத் தொடங்கலாம்.